பௌர்ணமி ஏன் சிலவேளை மங்குகிறது?

சூரியன் ஒரு புள்ளியாக இராமல் அகன்ற பிம்பமாக விளங்குவதால், பூமியின் நிழலும் இரு பகுதிகளாக அமைகிறது: சூரிய கிரணம் நேராக எட்டாத கருநிழல் ஒன்று, அதனைச் சூழ்ந்து, சூரிய பிம்பத்தின் ஒரு பாகம் மட்டும் மறைபடும் புறநிழல் மற்றொன்று. சந்திரனுடைய பாதை பூமியின் பாதைத் தளத்துக்கு ஏறக்குறைய 5 பாகை சாய்ந்திருப்பதனால், பெரும்பாலான பௌர்ணமிகளில் அது இந்நிழல்களுக்கு மேலாகவோ கீழாகவோ விலகிச் சென்றுவிட, ராகு கேது எனப்படும் சந்திப்புகளுக்கு அருகே, ஆனால் மிக அருகே அல்லாமல், பௌர்ணமி நேரும்போதுதான் புறநிழலை மட்டும் தீண்டும் கிரகணம் சம்பவிக்கிறது.

சந்திர கிரகணங்களில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று அதிகமானவை இவ்வகையே. 2020-ஆம் ஆண்டில் நிகழ்ந்த நான்கும் இவையே. ஆயினும் பஞ்சாங்கங்கள் பொதுவாக இவற்றை அனுஷ்டானத்துக்குரியனவாகக் கொள்வதில்லை. வெறுங்கண்ணுக்கு எளிதில் புலப்படாததை விலக்கிய அந்த மரபு நியாயமானதே என்பது என் அபிப்பிராயம்.

புறநிழல் வளையத்தின் அகலமும் சந்திரனுடைய குறுக்களவும் ஏறத்தாழ ஒத்திருப்பதால், கருநிழலைத் தொடாமல் முழுநிலவும் அதனுள் அடங்குவது மிக அபூர்வம். 2006 மார்ச் 15 விடியற்காலையில், நம் நாட்டின் மேற்கு வானில் அது நிகழ்ந்தபோது, கருநிழலுக்கு அண்மையிலிருந்த தென்விளிம்பு மட்டும் புகை படிந்தாற்போல் மங்க, வடவிளிம்போ ஒளி குன்றாததுபோலவே தோன்றிற்று. அத்தகைய அடுத்த கிரகணம் 2053 ஆகஸ்டில்தான் வருகிறது.