பெயின்ற் வாங்க முன்னம்: ஒரு பழைய பிக்கப்பும் நாமும்

விபோர்க்கில் பனிக்காலம் முடிந்து வாகனங்களைக் கழுவத் தொடங்கும் வாரங்களில் நம்மவர் வீடுகளில் பெருமூச்சுக்களும் கேட்கத் தொடங்கும். வீதியில் வழுக்காமல் இருக்க மாதக்கணக்காகக் கொட்டிய உப்பு, வாகனத்தின் அடியிலும் கதவு விளிம்புகளிலும் சக்கர வளைவுகளிலும் புகுந்து, ஈரத்தோடு கிடந்து தகரத்தைத் தின்றிருக்கும். ஊரில் பருத்தித்துறையிலும் ஊர்காவற்றுறையிலும் கடற்கரையோரம் வாழ்ந்தவர்களுக்கு உப்புக்காற்றின் குணம் தெரியும். இங்கே கடல் தூரத்தில் இருந்தாலும் உப்பு லொறியில் ஏறி வீட்டு வாசலுக்கே வருகிறது.

நாம் மூன்று குடும்பங்கள் சேர்ந்து வைத்திருப்பது 1999ஆம் ஆண்டு பதிவு செய்யப்பட்ட ஒரு யப்பானிய பிக்கப். கலியாண வீடுகளுக்கும் பிறந்தநாள் விழாக்களுக்கும் அண்டா, கதிரை, மணவறைச் சட்டங்கள் ஏற்றி இறக்குவது அதன் தொழில். ஹேர்னிங், பிரண்டே கோவில் திருவிழாக்களுக்கும் சாமான் கொண்டுபோகும். ஒரு காலத்தில் சிவப்பாக இருந்தது. பிறகு ரோசாப்பூ நிறமாகி, அதன்மேல் கறள் கொப்புளங்களும் வந்துவிட்டன. முழுதாகப் பெயின்ற் அடிக்க ஒரு கராஜில் விலை கேட்டோம். வண்டி வாங்கிய காசைவிட அது கூடுதலாக இருந்தது. புதிதாய் ஒன்று வாங்கலாம் என்றால், இந்த நாட்டின் பதிவு வரியைப் பற்றி வந்து ஒரு வருடம் ஆனவர்களுக்கும் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆகவே நாமே அடிப்போம் என்று முடிவெடுத்தோம். உண்மையைச் சொன்னால், இது இரண்டாவது தடவை. முதற் தடவை இரண்டு வருடங்களுக்கு முன்னர் ஒரு சனி ஞாயிறில் வேலையை முடித்தோம். கம்பிப் பிரஷால் கறளை மேலோட்டமாகச் சுரண்டி, கடையில் வாங்கிய சிவப்புப் பெயின்றை இரண்டு தரம் பூசினோம். திங்கட்கிழமை படம் எடுத்து உறவினருக்கெல்லாம் அனுப்பினோம். அடுத்த பெப்ரவரியில் அந்தப் பெயின்ற் வாழையிலை உரிவதுபோல உரிந்து வந்தது. கறளின்மேல் பூசிய பெயின்ற் கறளோடுதான் ஒட்டுகிறது, தகரத்தோடு அல்ல என்பது அப்போது எமக்குத் தெரியாது.

இம்முறை, ஊரில் கராஜ் ஒன்றில் பதினைந்து வருடம் வேலை செய்த அண்ணை ஒருவரை அழைத்தோம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஏ-40 சோமசெற் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய கூட்டத்தைச் சேர்ந்தவர். 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட கார்கள் அவை. நாற்பது வருடத்துக்குப் பிறகும், பெற்றோல் சில துளி விட்டு இயந்திரத்தைத் தட்டியெழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். அப்படிப்பட்டவர் எமது பிக்கப்பைப் பார்த்து முகம் சுளித்தபோது எமக்குக் கொஞ்சம் ரோசம் வந்தது.

"பெயின்ற் என்ன நிறம் எண்டு பிறகு பாப்பம். முதல் ஜக் போடு தம்பி, அடியைப் பாக்கோணும்" என்றார்.

ஜக் மட்டும் போதாது, இரும்புத் தாங்கிகளையும் வைத்துவிட்டுத்தான் உள்ளே படுத்தார். கையில் ஒரு சிறிய சுத்தியல், ஒரு பழைய ஸ்குறூ டிரைவர், சீலையில் சுற்றிய ஒரு காந்தம். சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு மணிபோல ஒலிக்கும், கறள் தின்ற இடம் பொத்தென்று ஒலிக்கும். பின்பக்க வில்லுத் தகடுகள் சாசியோடு சேரும் இடத்தில் காந்தம் ஒட்டவில்லை. இரும்பு இருக்கவேண்டிய இடத்தில் காந்தம் ஒட்டாவிட்டால் அங்கே இருப்பது இரும்பு அல்ல. ஸ்குறூ டிரைவரால் அழுத்தினார், அது பிடிவரை உள்ளே போயிற்று. முன்பு வைத்திருந்தவர் யாரோ ஓட்டையைப் பைபரும் பட்டியும் வைத்து அடைத்து, மேலே கறுப்புத் தார்ப்பூச்சுப் பூசியிருக்கிறார். அதன்மேல் நாம் இரண்டு வருடம் அண்டாக்களை ஏற்றி, சில வேளைகளில் பிள்ளைகளை முன்னால் இருத்தி, ஒற்றைப்பாதை வீதிகளில் எண்பதில் ஓடியிருக்கிறோம். அன்று இரவு எம்மில் ஒருவருக்கு நித்திரை வரவில்லை.

அடுத்த நாள் மூன்று குடும்பமும் கூடிக் கதைத்தோம். ஸ்க்ரொட்டுக்குக் கொடுத்தால், அங்கீகாரம் பெற்ற இடத்தில் ஒப்படைப்பதற்கு அரசு தரும் தொகையாவது வரும் என்று ஒரு பக்கம். இயந்திரம் நன்றாக இருக்கிறது, ஓட்டை ஒரு இடத்தில்தான் என்று மறுபக்கம். அண்ணை சாசியை முழுக்க இன்னொரு தரம் தட்டிப் பார்த்து, ஒட்டுப்போடலாம் என்று சொன்ன பிறகுதான் வைத்திருக்க முடிவு செய்தோம். வெல்டிங் வேலையை நாம் தொடவில்லை. தொழில் தெரிந்த கராஜில் கெட்டியான தகடு வைத்து முழுச் சுற்றும் ஒட்டுவித்தோம். சுமை தாங்கும் இடத்தில் பட்டியும் பைபரும் வைத்தால் சூன் பரிசோதனையில் விடமாட்டார்கள். விட்டாலும் அது உயிரோடு விளையாடுவதுதான். டென்மார்க்கில் 1998 முதல் கார்களுக்குக் காலமுறைச் சூன் இருக்கிறது. முதல் நான்கு வருடத்தில், பின்னர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. இதை ஒரு தொல்லை என்று முறைப்பாடு செய்பவர்களில் நாமும் இருந்தோம்.

இனி இடம். புதிதாக வந்த குடும்பங்கள் இதைக் கவனிக்கவேண்டும். குடியிருப்புகளின் வாகனத் தரிப்பிடத்தில் வாகனம் திருத்துவதைப் பல இடங்களில் வீட்டு ஒழுங்குவிதிகள் தடுக்கின்றன. அயலவர் முறைப்பாடும் கெதியாக வரும். உரசிய தூசியும் தின்னரும் கலந்த தண்ணீரை வீதியோர வடிகாலில் ஊற்றுவதும் கூடாது. அவற்றுள் பல மழைநீருக்கானவை. சுத்திகரிக்கும் இடத்துக்குப் போகாமல் ஓடைக்கும் ஏரிக்கும் போய்ச்சேரும். நோரசோ ஏரிக்கரையில் பிள்ளைகளோடு வாத்துப் பார்க்கப் போகிறவர்கள் நாமல்லவா. நாம் கறூப் போகும் பக்கத்தில் தெரிந்த டேனிஷ் விவசாயி ஒருவரிடம் கேட்டு, அவருடைய காலியான மாட்டுக்கொட்டிலில் இடம் பெற்றோம். வாடகை வேண்டாம் என்றார். மரக்கறி ரோல்ஸ் மட்டும் வாரா வாரம் போயிற்று.

முதல் வேலை கழுவுதல். அதைக் கழுவும் மண்டபத்தில் செய்தோம். அடிப்பாகத்துக்கும் சக்கர வளைவுகளுக்கும் தண்ணீரை அழுத்தமாக அடித்து உப்பை எடுத்தோம். பின்பெட்டியின் பிளாஸ்ரிக் விரிப்பைக் கழற்றியபோது அதன் கீழே ஒரு வாளி மண்ணும் ஈரமும் இருந்தன. பிக்கப் வைத்திருப்பவர்கள் அந்த விரிப்பை வருடம் ஒருமுறையாவது தூக்கிப் பாருங்கள்.

பிறகு கழற்றக்கூடியதைக் கழற்றினோம். லைற்றுகள், கண்ணாடிகள், கதவுப் பிடிகள், பின்கதவு எல்லாம். ஒவ்வொன்றின் ஸ்குறூக்களையும் தனித்தனிப் பையில் போட்டு, எந்த இடம் என்று எழுதி ஒட்டினோம். பெயர் எழுத்துக்களைத் தலைமயிர் உலர்த்தியால் சூடாக்கி, தூண்டில் நூலைப் பின்னால் விட்டு வாள்போல அறுத்தால் தகரத்தில் கீறு விழாமல் வரும். ஒட்டியிருந்த ரப்பர்களைக் கழற்றாமல் சுற்றிப் பூசுகிறவர்கள் உண்டு. அந்த விளிம்பில்தான் பெயின்ற் முதலில் கிளம்பும்.

அடுத்து வருவதில்தான் நாம் முன்பு பிழை விட்டோம். சான்ட் பேப்பரை எடுக்க முன்னரே எண்ணெய்ப்பிடிப்பை நீக்கவேண்டும். பழைய மெழுகும் சிலிக்கோனும் தகரத்தின்மேல் இருக்கையில் உரசினால், அவை உரசிய கீறல்களுக்குள் போய்ப் புதைந்துவிடும். பிறகு பெயின்ற் மீன்கண்போல வட்டம் வட்டமாக விலகும். எண்ணெய் நீக்கும் திரவத்தை ஒரு சீலையால் பூசி, அது காய முன்னர் வேறொரு சுத்தமான சீலையால் துடைக்கவேண்டும். ஒரே சீலையால் செய்தால் அழுக்கை இடம் மாற்றுவதுதான் நடக்கும்.

கறள் இடங்களைச் சுழலும் கம்பிப் பிரஷாலும் 80 இலக்கச் சான்ட் பேப்பராலும் பளபளக்கும் தகரம் தெரியும்வரை எடுத்தோம். கொப்புளம் ஒரு ரூபாய்க் குத்தி அளவு தெரிந்தால் அடியில் கறள் உள்ளங்கை அளவு இருக்கும். எடுக்க எடுக்கப் பெரிதாகும்; மனம் தளரக்கூடாது. சிறு குழிகளுக்குள் எஞ்சிய கறளுக்கு அமிலம் சேர்ந்த கறள்மாற்றி பூசினோம். இங்கே ஒரு எச்சரிக்கை: சில எபொக்சி பிறைமர்கள் அமிலம் மிஞ்சிய இடத்தில் ஒட்டமாட்டா. டப்பாவில் எழுதியிருப்பதைப் பிள்ளைகளிடம் கொடுத்தாவது வாசித்து, கழுவச் சொன்னால் கழுவி, நன்கு காயவிட்டுத்தான் அடுத்ததைப் பூசவேண்டும். வெறும் தகரத்தை ஒரு இரவுகூடச் சும்மா விடக்கூடாது. யூலண்ட் ஈரக்காற்றில் காலையில் எழும்பிப் பார்த்தால் மெல்லிய செம்மஞ்சள் படை வந்திருக்கும்.

எபொக்சி பிறைமரின்மேல்தான் பட்டி வைத்தோம். பட்டி கடற்பஞ்சுபோலத் தண்ணீரை உறிஞ்சும். ஆகவே அதை உலர்வாகத்தான் உரசவேண்டும். பழைய பெயின்றும் தகரமும் சேரும் விளிம்பைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்க்கவேண்டும். விரலுக்குப் படி தெரிந்தால், பெயின்ற் அடித்த பிறகு கண்ணுக்கும் தெரியும். 180 இலக்கத்தால் அந்தப் படியை மெலியவைத்து, பிறைமர் மறுபடி பூசி, அது காய்ந்தபின் மேலே கறுப்பு ஸ்பிரேயை மிக மெல்லிய தூறலாக அடித்து 400 இலக்கத்தால் உரசினோம். பள்ளங்களில் கறுப்பு மிஞ்சும், மேடுகளில் போய்விடும். எமது இடப்பக்கக் கதவில் முழு நிலவுபோல ஒரு கறுப்பு வட்டம் மிஞ்சியது. கதிரை இடித்த நெளிவு. அதை நிரப்ப இன்னும் ஒரு மாலை போயிற்று.

இந்தக் கட்டத்தில் வீட்டில் பொறுமை குறைந்துவிட்டது. ஐந்து வார இறுதிகள் போய்விட்டன, வண்டி சாம்பலும் சிவப்பும் கறுப்புமாகத் தேமல் பிடித்ததுபோல நின்றது. "இன்னும் ஒரு துளி பெயின்ற்கூட அடிக்கேல்லையோ?" என்று மாமி கேட்டார். விபோர்க் டோம்கியர்க்கின் உட்சுவர்களில் 1901 முதல் 1906 வரை ஓவியர் யோக்கிம் ஸ்கோகோர் தீட்டிய பெரும் சுவரோவியங்களை மாமிக்கு நினைவூட்டினோம். ஈரச் சுண்ணச் சாந்தில் தீட்டும் முறை அது; அன்றன்று தீட்டுமளவுக்கு அன்றன்று சுவரைப் பூசவேண்டும். மாமி சமாதானம் ஆகவில்லை. தேவாலயத்தில் அண்டா ஏற்ற வேண்டியதில்லை என்றார்.

காற்றுப் பற்றியும் சொல்லவேண்டும். உரசும்போது தூசிமூடி போதும் என்பது சரி. தின்னருக்கும் பிறைமருக்கும் அது போதாது, ஏ2பி3 என்று குறித்த வடிகட்டி வேண்டும். கையுறையும் வேண்டும், எபொக்சி தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். கராஜ்களில் அடிக்கும் இரண்டு பாகக் கடினப் பெயின்றுகளில் ஐசோசயனேற் இருக்கும். மூச்சோடு போனால் ஆஸ்மா வரலாம். 2023 ஓகஸ்ட் 24 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் தொழிலுக்காக அதைப் பாவிப்பவர்கள் பயிற்சி பெற்றிருக்கவேண்டும் என்பது சட்டம். மலிவாகக் கிடைத்தது என்று அதை மாட்டுக்கொட்டிலில் ஸ்பிரே அடிக்காதீர்கள்.

நாம் தெரிந்தெடுத்தது விவசாய இயந்திரங்களுக்கான பெயின்ற். உழவு இயந்திரங்களின் நிறங்களில் கிடைக்கும்; பிரஷாலும் சிறு பஞ்சு றோலராலும் பூசலாம். கண்ணாடிபோல வராது, கிட்ட நின்று பார்த்தால் தோடம்பழத் தோல்போலத் தெரியும். அண்டா ஏற்றும் வண்டிக்கு அது தாராளம். பூசியது யூலை மாதத்தில், காலை பத்து மணிக்குப் பிறகு. மாலைப் பனிநீர் இறங்க முன்னர் தொடுகாய்ச்சல் காயவேண்டும். மறைக்க இலவச விளம்பரப் பத்திரிகைகளைப் பாவித்ததில் நார் உதிர்ந்து ஒரு பக்கம் கெட்டது. அதற்கான கடதாசியையே வாங்குங்கள். உண்மையில் பூசும் வேலை இரண்டு நாள்தான். அதைப்பற்றி எழுத அதிகம் இல்லை.

கதவுகளின் அடியில் தண்ணீர் வடியும் சிறு துவாரங்கள் உண்டு. பெயின்றோ பட்டியோ அவற்றை அடைத்துவிட்டால் கதவு உள்ளிருந்து உக்கும். ஒரு கம்பியால் ஒவ்வொன்றையும் குத்தித் திறந்துவிட்டோம். அடிப்பாகத்துக்கும் சாசியின் உள்ளுக்கும் கறள்தடுப்பு எண்ணெய் அடித்தது கடைசியில். முதலே அடித்திருந்தால் அந்த எண்ணெய் கசிந்து பெயின்றைக் கெடுத்திருக்கும்.

வெல்டிங்கைத் தவிர்த்துக் கணக்குக் கொப்பியில் நின்றது 2,300 குரோணர். அதில் பெயின்றுக்குப் போனது 700 சொச்சம்தான். மிச்சமெல்லாம் சான்ட் பேப்பர், பிறைமர், பட்டி, ஒட்டுநாடா, முகமூடி. வெல்டிங் மட்டும் இதைவிடக் கூடுதலாக ஆனது. தின்னர்ச் சீலைகளும் மிஞ்சிய டப்பாக்களும் கென்புறுஸ்பிளாஸில் ஆபத்தான கழிவுகளுக்கான இடத்தில் கொடுக்கப்பட்டன.

செப்டெம்பரில் சூனுக்குக் கொண்டுபோனோம். பரிசோதகர் நிறத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே அடியில் போய், வெல்டிங் ஒட்டைச் சுத்தியலால் தட்டினார். மணிபோல ஒலித்தது.

அரை லீற்றர் சிவப்பும் ஒரு முகமூடியும் எம்மிடம் மிச்சம் உண்டு. வருகிற ஏப்ரலில் அண்ணை இன்னொரு குடும்பத்தின் வானுக்கு அடியில் படுக்கப்போகிறார். லைற் பிடிக்க ஆள் தேவை என்கிறார்.