பனியனின் மீதி விலை

வாங்குபவரும் விற்பவரும் அல்லாத மூன்றாமவர் மீது விழும் செலவைப் பொருளியலில் 'புறவிளைவு' என்போம். வகுப்பறையில் அதற்கு நான் காட்டிய எடுத்துக்காட்டு, திருப்பூர் பனியன்.

சாயக் கழிவுநீர் நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாயிற்று. மலிவு விலையில் நாம் வாங்கிய உள்ளாடையின் மீதி விலையைச் செலுத்தியவர்கள் உழவர்கள். பேரம் பேசி வாங்கிய எனக்கும் அதில் பங்குண்டு. 2011-இல் சாய ஆலைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்ட பின்னரே, கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை வேரூன்றியது.

அணிபவருக்கும் இதில் அக்கறை வேண்டும். சிலவகை அசோ சாயங்கள் சிதைந்து, புற்றுநோய் விளைவிக்கவல்ல அமீன்களாகின்றன. அவற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என வரம்பிட்டுள்ளது. இந்தியாவிலும் தடை உண்டு. நாள் முழுதும் வியர்வையோடு தோலை ஒட்டிக் கிடப்பது உள்ளாடையே அன்றோ!

'இயற்கைப் பருத்தி' என்ற சொல் சாயத்தைப் பற்றி எதுவும் கூறாது. 'ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100' முத்திரை துணியில் நச்சுப்பொருள் உள்ளதா என்று சோதித்ததைக் குறிக்கும். 'காட்ஸ்' முத்திரையோ பருத்தி, சாயம், கழிவுநீர் மூன்றையும் கணக்கில் கொள்ளும்.

அதற்காகக் கூடுதலாகத் தரும் சில ரூபாய்கள் செலவல்ல. நொய்யலுக்கு நாம் வைத்த பழைய பாக்கி.