நியூட்ரோபில் குறைவுக் காய்ச்சல்

நியூட்ரோபில் குறைவுக் காய்ச்சல் என்பது, கீமோதெரபி எனப் பரவலாக அறியப்படும் வேதிச்சிகிச்சையின் கடுமையான பக்க விளைவுகளுள் ஒன்றாகும். குருதியில் நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துள்ள வேளையில் புற்றுநோயாளிக்குக் காய்ச்சல் ஏற்படுவதை இது குறிக்கும். சில மணி நேரத்திலேயே உயிராபத்தாக மாறக்கூடும் என்பதால், இஃது ஓர் அவசர மருத்துவ நிலையாகக் கருதப்படுகின்றது.

காரணம்

வேதிச்சிகிச்சை மருந்துகளுள் பல, விரைவாகப் பிரிந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்குகின்றன. புற்றுநோய் உயிரணுக்களைப் போலவே எலும்பு மச்சை, மயிர்க்கால்கள், வாய் மற்றும் குடலின் உட்படலம் ஆகியவற்றின் உயிரணுக்களும் விரைவாகப் பிரிபவை. முடி உதிர்தல், வாய்ப்புண், குருதியணுக்கள் குறைதல் முதலிய பக்க விளைவுகள் இதனாலேயே தோன்றுகின்றன.

நியூட்ரோபில்கள் பாக்டீரியா, பூஞ்சை முதலியவற்றை விழுங்கி அழிப்பவை. இவை குருதியில் மிகக் குறுகிய காலமே வாழ்வதால், எலும்பு மச்சை இவற்றை இடைவிடாது உருவாக்க வேண்டும். இவ்வுற்பத்தி தடைப்படுவதால், பல சிகிச்சை முறைகளில் மருந்தளித்த 7 முதல் 14 நாட்களுக்குள் இவற்றின் எண்ணிக்கை மிகத் தாழ்ந்த நிலையை அடைந்து, பின்னர் மீள்கின்றது. இதே காலத்தில் குடலின் உட்படலமும் சிதைந்திருப்பதால், நோயாளியின் குடலில் வாழும் பாக்டீரியாக்களே குருதியினுள் நுழைய இயலும்.

வரையறை

ஒரு மைக்ரோலீட்டர் குருதியில் நியூட்ரோபில்கள் 500க்குக் கீழ் இருத்தல், அல்லது 48 மணி நேரத்தில் அந்த அளவுக்குக் குறையும் என எதிர்பார்க்கப்படுதல் முதல் நிபந்தனையாகும். மொத்த வெள்ளணு எண்ணிக்கையை நியூட்ரோபில் விழுக்காட்டால் பெருக்கி இதனைக் கணக்கிடலாம். எடுத்துக்காட்டாக, மொத்த வெள்ளணுக்கள் 2,000, நியூட்ரோபில் 20% எனில் எண்ணிக்கை 400 ஆகும்.

வாய்வழி வெப்பநிலை ஒருமுறை 38.3 பாகை செல்சியசு (101 பாகை பாரன்ஃகைட்) அல்லது அதற்கு மேல் இருத்தல், அல்லது 38.0 பாகை (100.4 பாகை பாரன்ஃகைட்) ஒரு மணி நேரம் நீடித்தல் இரண்டாவது நிபந்தனையாகும்.

அறிகுறிகள்

சீழ் என்பது பெரும்பாலும் இறந்த நியூட்ரோபில்களால் ஆனது. எனவே இவை இல்லாதபோது சீழ், சிவத்தல், வீக்கம் முதலிய வழக்கமான அறிகுறிகள் தோன்றாமல் போகலாம். காய்ச்சல் மட்டுமே ஒரே அறிகுறியாக இருக்கக்கூடும். முதியோர், இசுடீராய்டு மருந்து உட்கொள்வோர் ஆகியோரில் காய்ச்சலும் தோன்றாதிருக்கலாம். குளிர் நடுக்கம், மூச்சுத் திணறல், மனக்குழப்பம் ஆகியனவும் எச்சரிக்கை அறிகுறிகளாகும்.

வரலாறு

1966இல் செரால்டு போடேயும் உடன் ஆய்வாளர்களும், குருதிப் புற்றுநோயாளிகளில் வெள்ளணுக்கள் குறையக் குறையத் தொற்று மிகுவதை எண்ணிக்கை வழியே நிறுவினர். 1971இல் இசுடீபன் சிம்ப் முதலானோர், நோய்க்கிருமி எதுவெனத் தெரியும்வரை காத்திராமல் காய்ச்சல் கண்டவுடனேயே நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளை அளிக்கும் முறையை வெளியிட்டனர். இதுவே இன்றைய மருத்துவத்தின் அடிப்படையாகும்.

மருத்துவம்

குருதி மாதிரிகள் எடுக்கப்பட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல்வகைப் பாக்டீரியாக்களுக்கு எதிராகச் செயற்படும் மருந்து சிரைவழி செலுத்தப்படுகின்றது. ஆபத்துக் குறைந்தவர்களெனக் கணிக்கப்படும் சிலருக்கு வாய்வழி மருந்துகள் போதுமானவை. காய்ச்சல் பல நாட்கள் தணியாவிடின் பூஞ்சை எதிர்ப்பு மருந்தும் சேர்க்கப்படலாம்.

தடுப்பும் வீட்டுப் பராமரிப்பும்

எலும்பு மச்சையைத் தூண்டும் பில்கிராசுட்டிம் என்னும் மருந்து 1991இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இந்நிலை ஏற்படும் வாய்ப்பு 20 விழுக்காடு அல்லது அதற்கு மேல் உள்ள சிகிச்சை முறைகளில் இவ்வகை மருந்துகள் முன்கூட்டியே அளிக்கப்படுகின்றன.

வீட்டில் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நன்று:

* வெப்பமானி ஒன்றை வைத்திருத்தல். உடல்நலக் குறைவை உணர்ந்தால் உடனே அளத்தல்.
* அளக்கும் முன் பாராசிட்டமால் உட்கொள்ளாதிருத்தல். இது காய்ச்சலை மறைத்துவிடும்.
* 38 பாகை செல்சியசு அல்லது அதற்கு மேல் இருந்தால், இரவாயினும் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனையைத் தொடர்பு கொள்ளுதல்.
* அவசரப் பிரிவில் வேதிச்சிகிச்சை பெறுவதையும், கடைசியாக மருந்து ஏற்றிய நாளையும் முதலிலேயே தெரிவித்தல்.
* மலவாய்வழி வெப்பமானி, எனிமா ஆகியவற்றைத் தவிர்த்தல்.
* நோயாளியும் உடனிருப்போரும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல். மென்மையான பல்துலக்கியைப் பயன்படுத்துதல். நன்கு சமைத்த உணவை உண்ணுதல்.

காய்ச்சல் வந்ததால் புற்றுநோய்ச் சிகிச்சை தோல்வியுற்றதெனப் பொருளில்லை. உரிய நேரத்தில் மருந்து கிடைத்தால் பெரும்பாலானோர் குணமடைந்து, அடுத்த சுற்றுச் சிகிச்சையைத் தொடர்கின்றனர்.