புது வண்டியில் முதல் கோடு

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் எல்க்ஹார்ட் என்று ஓர் ஊர். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற நடமாடும் வீடுகளுக்கு, அதாவது டிராவல் டிரெய்லர்களுக்கு, அதுதான் தலைநகரம். வட அமெரிக்காவில் தயாராகும் இந்த ரக வண்டிகளில் 80 சதவீதத்துக்கு மேல் அந்த ஊரிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள தொழிற்சாலைகளிலிருந்து வருகின்றன. புது கார்களை அடுக்கி ஏற்றிப்போகும் பெரிய லாரிகள் இதற்கு உதவாது. சொந்தமாக பிக்கப் டிரக் வைத்திருக்கும் ஓட்டுநர்கள் பெரும்பாலும் ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டி, சாலை வழியாகவே இழுத்துப்போய் டீலரிடம் விடுகிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் ஒருவர் வாங்கும் ‘புத்தம் புது’ டிரெய்லர் அவர் கைக்கு வருவதற்குள் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். மழை, ஜல்லி, முன்னால் போன லாரி தெறிக்கவிட்ட கல் எல்லாவற்றையும் பார்த்திருக்கும்.

ஆகவே புது டிரெய்லரில் கீறல் இருந்தால் அதிசயமில்லை. அது யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பதில்தான் வில்லங்கம். தயாரிப்பாளர் தரும் வாரன்டி பொதுவாக ஓராண்டுக்கு இருக்கும். ஆனால் கீறல், சொட்டை, சிராய்ப்பு போன்ற வெளிப்பூச்சுக் குறைகளை வண்டியை எடுக்கும் அன்றே சொல்லிவிட வேண்டும் என்று பல வாரன்டிகளில் ஒரு வரி ஒளிந்திருக்கும். அன்றைக்கு வாங்குபவரின் கவனம் அடுப்பு எரிகிறதா, ஏசி ஓடுகிறதா, கட்டில் மடங்குகிறதா என்று உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு நாள் கழித்து வீட்டு வாசலில் நிறுத்திக் கழுவும்போதுதான் பக்கவாட்டில் நீளமாக ஒரு கோடு கண்ணில் படும். அந்தக் கோடு எல்க்ஹார்ட்டில் விழுந்ததா, டீலர் முற்றத்தில் விழுந்ததா, வீட்டு முருங்கைக்கிளையோ மேப்பிள் கிளையோ கிழித்ததா என்று இனி யாரும் நிரூபிக்க முடியாது.

விவரம் தெரிந்தவர்கள் வேறு மாதிரி வாங்குவார்கள். பகல் வெளிச்சத்தில், கழுவித் துடைத்த வண்டியைத்தான் பார்ப்பார்கள். டார்ச்சை நேராக அடிக்காமல், பக்கச்சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடிப்பார்கள். நேர் வெளிச்சத்தில் மறைந்திருந்த கோடெல்லாம் அப்போது எழுந்து நிற்கும். முன்பக்கத்தின் கீழ்ப்பாதி, சக்கரத்துக்குப் பின்னால் உள்ள பகுதி, கதவின் விளிம்பு, வெயில் மறைப்பைத் தாங்கும் கை வந்து உட்காரும் இடம் ஆகியவைதான் முதல் பலி. அகப்பட்டதையெல்லாம் படம் எடுத்து, ‘இன்னின்னது சரிசெய்து தரப்படும்’ என்று டீலர் கையெழுத்துப் போட்டுத் தரும் சீட்டில் ஏற்றிய பிறகே மீதிப் பணம். ‘அடுத்த வாரம் கொண்டுவாங்க, பார்த்துக்கலாம்’ என்பது எந்த நாட்டு டீலர் சொன்னாலும் சீட்டாகிவிடாது.

இதையெல்லாம் தாண்டியும் கோடு விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கண்ட மாத்திரத்தில் ரப்பிங் காம்பவுண்டைத் தேடி ஓடுவது மனித இயல்பு. அதற்கு முன்னால் அது கீறலே தானா என்று பார்க்க வேண்டும். கிளை உரசிய பல கோடுகள் உண்மையில் பள்ளமே இல்லை. மரத்தின் பிசினும் பட்டையும் பூச்சின் மேல் ஒட்டிக்கொண்ட தடம். கம்பத்தில் இடித்தால் கம்பத்தின் பெயின்ட் வண்டிக்கு வந்திருக்கும். மென்மையான துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தொட்டுத் துடைத்தால் பாதிக் கோபம் அங்கேயே தணிந்துவிடும். துடைத்தும் போகாவிட்டால் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். ஈரத்தில் மறைந்து, காய்ந்ததும் திரும்ப வரும் கோடு மேலாகப் பட்டது. விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டும்போது நகம் சிக்கினால் ஆழமானது. எண்ணெய் ஸ்பிரே அடித்துக் கீறலை ‘மாயமாக’ மறையவைக்கும் வித்தைக்குப் பின்னால் இருப்பதும் இந்த ஈரத்தின் வேலைதான். நல்ல மழை ஒன்று பெய்தால் மாயம் கலைந்துவிடும்.

அதற்குப் பிறகு வருவது வெறும் கழித்தல் கணக்கு. தேய்ப்பது என்றாலே எடுப்பது. பற்பசை, ரப்பிங் காம்பவுண்ட், கறை நீக்கும் வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்ச் என எதைக் கொண்டு தேய்த்தாலும் கீறலை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள மேட்டைச் சீவிப் பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவருகிறோம். சீவுவதற்கு எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கேள்வி. அது டிரெய்லருக்கு டிரெய்லர் மாறும்.

கையிருப்பு அதிகம் உள்ளது ஃபைபர்கிளாஸ் வண்டி. மினசோட்டா மாநிலத்தின் பேக்கஸ் என்ற சிற்றூரில் 1970களின் தொடக்கத்திலிருந்து தயாராகும் ஸ்கேம்ப் டிரெய்லரை எடுத்துக்கொள்ளலாம். முட்டை ஓடு மாதிரி மேல் பாதி, கீழ்ப் பாதி என இரண்டு அச்சுகளில் வார்த்து ஒட்டுவார்கள். அச்சின் உட்புறத்தில் முதலில் தெளிக்கப்படுவது ஜெல் கோட் எனப்படும் நிறம் கலந்த பாலியெஸ்டர் ரெசின். கண்ணாடி இழையும் ரெசினும் அதன் பின்னால்தான் ஏறும். வெளித்தோல் முதலில், உடம்பு பிறகு. இப்படி அச்சில் வார்க்கும் ஜெல் கோட் வழக்கமாக அரை மில்லிமீட்டர் அளவுக்குக் கனமாக இருக்கும். காரில் பெயின்டுக்கு மேலே அடிக்கும் கிளியர் கோட் 40 முதல் 50 மைக்ரான்தான். ஏறத்தாழப் பத்து மடங்கு வித்தியாசம். நிறமும் மேலிருந்து அடிவரை ஒன்றே என்பதால், கொஞ்சம் சீவினால் வேறு நிறம் எட்டிப்பார்க்காது.

இந்தக் கனம் இருப்பதால் ஜெல் கோட் கீறலை வீட்டு வாசலிலேயே எடுக்க முடியும். நிழலில் நிறுத்திச் சோப்பு நீரால் கழுவ வேண்டும். துடைக்கும் துணியில் ஒரு மணல் இருந்தால் ஒரு கீறலை எடுக்கப்போய் ஒன்பது போட்டுவிடலாம். பக்கத்தில் உள்ள விளிம்புகளுக்கும் ஸ்டிக்கர்களுக்கும் டேப் ஒட்டி மறைக்க வேண்டும். விளிம்பில் பூச்சு எப்போதும் மெல்லியதாக இருக்கும். 1000 நம்பர் வாட்டர் பேப்பரை ரப்பர் கட்டையில் சுற்றி, சோப்பு கலந்த நீரில் நனைத்து, அழுத்தாமல் ஒரே திசையில் ஓட்ட வேண்டும். சற்று நேரத்தில் பாலாக ஒரு குழம்பு வழியும். அது ஜெல் கோட்டேதான். அடுத்து 1500, பிறகு 2000. ஒவ்வொரு பேப்பரையும் முந்தியதற்குக் குறுக்கே ஓட்டினால், முந்திய பேப்பர் விட்ட கோடுகள் போய்விட்டனவா என்று கண்ணுக்குத் தெரியும். இந்தக் கட்டத்தில் அந்த இடம் சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கிக் கிடக்கும்; முதல் தடவை செய்கிறவருக்கு வயிற்றைக் கலக்கும். பயப்பட வேண்டியதில்லை. ரப்பிங் காம்பவுண்ட், அதன்பின் பாலிஷ், கடைசியில் வாக்ஸ் என்று போனால் பளபளப்பு திரும்பிவிடும்.

நகம் சிக்கும் ஆழமென்றால் தேய்ப்பு போதாது, நிரப்ப வேண்டும். ஜெல் கோட் பேஸ்ட்டில் கெட்டியாக்கும் திரவத்தைச் சொட்டுச் சொட்டாகக் கலக்கிறார்கள். அந்தத் திரவம் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொடக்கூடாது. காற்றுப் பட்டால் ஜெல் கோட்டின் மேற்பரப்பு இறுகாமல் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும் என்பதால், நிரப்பியதும் பிளாஸ்டிக் தாளை ஒட்டி மூடிவிடுவார்கள். இதில் மிகப் பெரிய தலைவலி நிறம். வெள்ளை என்றால் ஒரு வெள்ளை இல்லை. அதிலும் வெயிலில் சில கோடை நின்ற வெள்ளை, டப்பாவில் இருக்கும் வெள்ளையோடு சேரவே சேராது. புது வண்டியின் ஒரே சலுகை இதுதான்: இன்னும் நிறம் மாறவில்லை, ஒட்டு எளிதில் கலந்துவிடும். கீறலைச் சரிசெய்வதாக முடிவெடுத்தால் முதல் ஆண்டிலேயே செய்துவிடுவது நல்லது என்று சொல்வது இதனால்தான்.

சந்தையில் அதிகம் விற்கும் தட்டைச் சுவர் டிரெய்லர்களில் இந்தச் செல்வம் இல்லை. மெல்லிய ஃபைபர்கிளாஸ் தகட்டை ஃபோம் பலகையின் மேல் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். அதன் ஜெல் கோட் அச்சில் வார்த்ததைவிட மெல்லியது. சில வண்டிகளின் முன்முகப்பு மட்டும் கார்போல பெயின்டும் கிளியர் கோட்டும் அடித்தது. தலைமுடியைவிடக் கனம் குறைந்த அந்தப் படலத்தில் சில மைக்ரான் போனாலே வெயிலைத் தடுக்கும் சக்தி குறைந்துவிடும். சுற்றிச் சுற்றி மெஷின் பஃபிங் போட்டு முகம் பார்க்கிற அளவுக்கு மின்ன வைத்த இடம் சில ஆண்டுகளில் மற்ற இடங்களுக்கு முன்பாகத் தோலுரிவது இப்படித்தான். பக்கவாட்டில் வரையப்பட்ட அலையும் சுழியும் பெயின்ட் அல்ல, வினைல் ஸ்டிக்கர். கிழிந்தால் தேய்க்க ஒன்றுமில்லை. அந்தத் துண்டை உரித்துவிட்டுப் புதிது ஒட்ட வேண்டியதுதான்.

கையில் எதுவுமே மிச்சமில்லாத வண்டி ஏர்ஸ்ட்ரீம். விலையில் எட்டாத உயரத்தில் இருக்கும் அந்த வெள்ளித் தோட்டாவுக்கு இப்படி ஒரு விதி.

வாலி பையம் என்பவர் தொடங்கிய நிறுவனம் அது. 1936ல் ‘கிளிப்பர்’ என்ற அலுமினிய டிரெய்லரை வெளியிட்டது. 1952 முதல் ஒஹையோவின் ஜாக்சன் சென்டரில் தயாரிப்பு நடக்கிறது. விமானம் கட்டுவது போலவே சட்டத்தின் மேல் அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துக் கோக்கிறார்கள். தகடு சுமார் 0.8 மில்லிமீட்டர் கனம். அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலம் வண்டி கட்டப்படும் முன்பே, தகடாக இருக்கும்போதே பூசப்பட்டுவிடுகிறது. இந்தப் படலத்தில் கீறல் விழுந்து அதை ஒருவர் பாலிஷ் போட்டுத் தேய்த்தால், கீறல் போகும் முன் படலம் போய்விடும். மிஞ்சுவது ஊர் முழுக்கத் தெரியும் ஒரு திட்டு. அதைவிடக் கெடுதல், திறந்த கீறலின் ஓரத்தில் ஈரமும் உப்பும் சேரும்போது படலத்துக்கு அடியில் மண்புழு ஊர்ந்த தடம்போல் மெல்லிய அரிப்பு நூல்கள் நெளிந்து பரவும். கடற்கரை ஊர்களிலும், குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் உப்புத் தூவும் மிஷிகன், ஒஹையோ போன்ற மாநிலங்களிலும் இது சகஜம். ஏர்ஸ்ட்ரீம்காரர்கள் கீறலைத் தேய்ப்பதில்லை. கழுவி, காயவைத்து, வாக்ஸ் போட்டு ஓரத்தை மூடிவிட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள்.

தகட்டையே மாற்றலாமே என்றால், ரிவெட்டுகளைத் துளைத்தெடுத்து, உட்சுவரைப் பிரித்து, வெளியே ஒருவர் ரிவெட் அடிக்க உள்ளே இன்னொருவர் இரும்புக்கட்டையை முட்டுக் கொடுத்து நிற்க வேண்டும். ஒரு கீறலுக்காக அந்த வேலையில் இறங்குவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. பழைய ஏர்ஸ்ட்ரீம் பிரியர்கள் சிலர் நேர்மாறாகப் போகிறார்கள். உரிந்துபோன காப்புப் படலத்தை ரசாயனம் போட்டு முழுவதும் நீக்கி, விமான பாலிஷால் வாரக்கணக்கில் தேய்த்துக் கண்ணாடியாக்குகிறார்கள். அழகுதான். ஆனால் காப்பு இல்லாத அலுமினியம் மங்கிக்கொண்டேதான் இருக்கும். விட்டு விட்டுத் திரும்பத் தேய்க்க வேண்டும்.

வாங்கிய பின் விழும் கோடுகளுக்கு முக்கியக் காரணம் மரம். அதற்குப் பின்னால் ஒரு வேடிக்கையான வரலாறு இருக்கிறது. அமெரிக்க தேசியப் பூங்காக்களிலும் காடுகளிலும் உள்ள முகாம் திடல்கள் பலவும் 1930களில் வகுத்த திட்டப்படி அமைந்தவை. மைனக்கி என்ற தாவர நோய் நிபுணர், கார்கள் கண்டபடி ஓடி மரங்களின் வேர்மண்ணை இறுக்கிக் கொல்வதைக் கண்டு, 1932ல் ஒரு வழி சொன்னார். ஒருவழிப் பாதை, அதிலிருந்து கிளை பிரியும் நிறுத்துமிடம், வண்டி நகர முடியாதபடி சுற்றிலும் பாறையும் மரத்துண்டும். மரங்களை வண்டியிடமிருந்து காக்கப் போட்ட வேலி அது. அன்றைய காருக்கு அளந்த அந்தப் பாதையில் இன்று எட்டரை அடி அகல டிரெய்லர் பின்பக்கமாக நுழைகிறது. மரங்கள் பிழைத்துக்கொண்டன, வண்டிகள்தான் சிராய்க்கின்றன. அரிசோனாவின் பாலைவனப் பக்கம் போனால் முள்மரங்கள் இருபுறமும் கோலம் போட்டே அனுப்பும். ‘அரிசோனா பின்ஸ்ட்ரைப்’ என்று அதற்கு ஊரார் வைத்திருக்கும் பெயரில் பெருமையும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

கிளை உரசினால் எல்லோரும் பக்கச்சுவரைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டிய இடம் கூரை. அங்கே விரித்திருப்பது ரப்பர் அல்லது பிளாஸ்டிக் சவ்வு; அதன் ஓரங்களிலும் காற்றுப்போக்கி, ஏசி ஆகியவற்றைச் சுற்றிலும் சீலன்ட் பூசியிருப்பார்கள். சுவரில் கோடு போட்ட அதே கிளையின் மேல்முனை அந்தச் சவ்வில் ஓர் அங்குலம் கிழித்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். பசையில் ஒட்டிய சுவர் ஊறி, தகடு பிரிந்து வயிறுபோல் உப்பும். எந்தப் பாலிஷும் அதைச் சரிசெய்யாது. சுவரையே மாற்ற வேண்டும்.

இன்சூரன்ஸ் கதையும் இங்கேதான் திரும்புகிறது. வெறும் கீறலுக்கு யாரும் கேட்டுப் போவதில்லை. 500 அல்லது 1000 டாலர்வரை சொந்தப் பணத்தில் கட்ட வேண்டும் என்று பாலிசியிலேயே இருக்கும், கீறல் வேலை அதற்குள் முடிந்துவிடும். கூரை ஒழுகினால் தொகை பெரிது. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்த நீரைப் பராமரிப்புக் குறை என்று சொல்லிப் பெரும்பாலான பாலிசிகள் கைவிரித்துவிடும். ஒரு நாள் ஒரு கிளை கிழித்தது என்றால் விபத்து. விபத்துதான் என்று காட்டச் சுவரில் கிடக்கும் கோடுதான் சாட்சி. ஏணி போட்டுக் கூரையைப் பார்த்து, கிழிசலையும் அதற்கு நேர் கீழே உள்ள கோட்டையும் ஒரே படத்தில் அன்றே எடுத்து வைத்தவருக்கு விசாரிக்க வரும் இன்சூரன்ஸ் ஆளிடம் காட்ட ஒன்று இருக்கும். முதல் வேலையாக வாட்டர் பேப்பரும் வாளியுமாக உட்கார்ந்து சுவரைப் பளபளவென்று ஆக்கியவரிடம் அது இருக்காது.