ஒத்தி நிலமும் சர்க்கார் பத்திரமும்

வானம் பார்த்த கரிசல் பூமியில் மிளகாயும் பருத்தியும் மல்லியும் விதைத்து, தை பிறந்தது முதல் பங்குனி முடியும் வரை பழத்தைக் களத்தில் பரப்பி வற்றலாக்கி, மூட்டை பிடித்து, விருதுநகர்க் கமிஷன் கடைக்கு ஏற்றிவிட்டு நாலு காசைக் கையில் பார்க்கிற பரளச்சிக் குடியானவனுக்கு, அந்தக் காசை எங்கே பத்திரமாக வைப்பது என்பது, அதைச் சம்பாதித்ததைக் காட்டிலும் பெரிய விசாரமாகவே இருந்து வந்திருக்கிறது. சீட்டுக் கட்டி ஏமாந்தவர்களுடைய கதையையும், 2012-இல் நாடெங்கும் சிரிப்பாய்ச் சிரித்த ஈமுக் கோழிப் பண்ணைகளில் பணத்தைக் கொட்டியவர்களுடைய கதையையும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு, சர்க்கார் ஜாமீன் என்ற இரண்டு வார்த்தைகளே மந்திரம்போல் ஒலிப்பதில் ஆச்சரியம் இல்லை.

அந்த மந்திரத்தை நம்பியவர்களில் ஒருவர், இவ்வூர்ப் பக்கத்து ஓய்வுபெற்ற வாத்தியார். 2021-ஆம் ஆண்டின் மத்தியில், அரசுப் பத்திரங்களில் மட்டுமே முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்டு ஒன்றில் ஒரு லட்ச ரூபாய் போட்டவர், மறுவருஷம் பேத்தியின் காலேஜ் பணத்துக்காகக் கணக்குத் தாளை விரித்தபோது, லட்சத்தில் சில ஆயிரங்கள் குறைந்திருக்கக் கண்டார். மஞ்சள் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, குறைந்த தொகைக்குக் கீழே பேனாவால் இரண்டு கோடு இழுத்து என்னிடம் நீட்டி, “தம்பி, சர்க்கார் பத்திரம்னு சொல்லித்தானே வாங்குனேன்? சர்க்காரே குறைச்சுக் குடுக்குமா?” என்று கேட்டார். சர்க்கார் குறைத்துக் கொடுக்கவில்லை என்று நான் சொன்னது அவருக்கு முதலில் கேலியாகப் பட்டிருக்க வேண்டும்.

மத்திய அரசாங்கமும் மாநில அரசாங்கங்களும் வரவுக்கு மேற்பட்ட செலவுக்குக் கடன் வாங்குகின்றன. அவற்றின் சார்பில் ரிசர்வ் வங்கி பத்திரங்களை ஏலம் விடுகிறது. 91, 182, 364 நாள் தவணையுள்ள கருவூல உண்டியல்கள் முதல் 50 ஆண்டுத் தவணையுள்ள பத்திரங்கள் வரை இதில் உண்டு. நீண்ட தவணைப் பத்திரங்களுக்குப் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டியும், கெடு முடிந்ததும் முதலும் வந்து சேரும். இப்பத்திரங்களைப் பலருடைய பணத்தைத் திரட்டி வாங்கி வைத்திருப்பதே கில்ட் ஃபண்டு. திரட்டிய தொகையில் குறைந்தது 80 சதவீதம் அரசுப் பத்திரங்களில் இருந்தாக வேண்டும் என்பது பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபியின் விதி. லண்டனில் ஒரு காலத்தில் இத்தகைய பத்திரங்களின் ஓரத்துக்குத் தங்கமுலாம் பூசிய வழக்கத்தினால் வந்ததே கில்ட் என்ற பெயர். முலாம் ஓரத்தில்தான் இருந்தது என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

வாத்தியாருக்கு நான் சொன்ன திருஷ்டாந்தம் அவர் ஊர் வழக்கமாகிய ஒத்திதான். ஒருவர் மூன்று வருஷக் கெடுவுக்கு இரண்டு லட்சம் கொடுத்து ஒரு நிலத்தை ஒத்திக்குப் பிடித்திருக்கிறார். ஒன்றரை வருஷத்திலேயே வீட்டில் கல்யாணம் வந்துவிடுகிறது. கெடுவுக்கு முன் நிலக்காரர் பணம் திருப்பக் கடமைப்பட்டவர் அல்லர் ஆகையால், ஒத்தியை வேறொருவர் கைக்கு மாற்றித்தான் பணம் பார்க்க வேண்டும். இதற்கிடையில் அதே இரண்டு லட்சத்துக்கு ஊரில் இன்னும் அதிக விளைச்சல் தரும் நிலமே ஒத்திக்குக் கிடைக்கிறது என்றால், வருகிறவர் பழைய ஒத்திக்கு முழுத் தொகை கொடுப்பாரா? பத்தாயிரம் இருபதாயிரம் தள்ளித்தான் கேட்பார். நிலக்காரரின் நாணயத்தில் இம்மியும் குறைவில்லை. கெடு வந்தால் முழுப் பணத்தையும் எண்ணி வைப்பார். விலை குறைந்ததற்குக் காரணம், நாட்டில் பணத்தின் வாடகை, அதாவது வட்டி, உயர்ந்ததுதான்.

பத்திரத்துக்கும் இதே கணக்குத்தான்: 100 ரூபாய் முகமதிப்பும் 7 சதவீத வட்டியும் பத்து வருஷத் தவணையும் உள்ள பத்திரத்துக்குச் சந்தையில் எதிர்பார்க்கும் வட்டி 8 சதவீதமாக ஏறினால், அதன் விலை ஏறத்தாழ 93 ரூபாய் 20 காசுக்கு இறங்கும். 6 சதவீதமாகக் குறைந்தால் 107 ரூபாய்க்கு மேல் ஏறும். ஃபண்டு தன் கையிலுள்ள பத்திரங்களை அன்றாடம் சந்தை விலைக்கே மதிப்பிட வேண்டியிருப்பதால், இந்த ஏற்ற இறக்கம் யூனிட் விலையில் அப்படியே தெரியும். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி, மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கு வாங்கும் ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 6.50 சதவீதத்துக்கு உயர்த்திற்று. அந்த ஏற்றத்தின் தொடக்கத்திலேதான் வாத்தியார் தாளை விரித்தார்.

இதனால் கில்ட் ஃபண்டு மோசமானது என்று நான் சொல்வதாக யாரும் கொள்ளலாகாது. 2020 ஏப்ரல் 23 அன்று பிராங்கிளின் டெம்பிள்டன் நிறுவனம் ஆறு கடன் திட்டங்களை மூடியபோது முதலீட்டாளர்கள் பட்ட அவஸ்தை, தனியார் கம்பெனிக் கடன் பத்திரங்களை வாங்கி வைத்திருந்ததன் பலன்; அந்தவிதமான ஆபத்து இதில் அநேகமாக இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை விற்பனைக்கு வருகிறவர்கள் தாமாகச் சொல்வது அபூர்வம்: பத்திரத்துக்குக் கெடு உண்டு, சாதாரண கில்ட் ஃபண்டுக்குக் கெடு கிடையாது. பழைய பத்திரம் போகப் புதுப் பத்திரம் வந்துகொண்டே இருக்குமாதலால், இன்ன தேதி வரை பொறுத்திருந்தால் இன்ன தொகை நிச்சயம் என்று சொல்ல இடமில்லை. அந்த நிச்சயத்துக்கு ஓரளவு நெருங்கி வருபவை, குறித்த ஆண்டில் முதிரும் டார்கெட் மெச்சூரிட்டி ஃபண்டுகள். அல்லது 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி தொடங்கிய ரீடெயில் டைரக்ட் கணக்கின் மூலம் 10,000 ரூபாய் முதற்கொண்டு பத்திரத்தையே நேரடியாக வாங்கி, கெடு வரை வைத்திருக்கலாம்.

வட்டி குறைந்தால் லாபம் என்று கணக்குப் போட்டு உள்ளே நுழைகிறவர்களும் உண்டு. 2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை மூன்று தடவையாக ரெப்போ வட்டி 5.50 சதவீதத்துக்கு இறங்கியது வாஸ்தவம். ஆயினும் ஜூன் குறைப்புக்குப் பிறகு நீண்ட காலப் பத்திரங்களின் விலை ஏறுவதற்குப் பதிலாக இறங்கிற்று. சந்தை அறிவிப்புக்கு முன்பே விலையை ஏற்றி வைத்திருந்தது. இனிக் குறைப்பு அதிகம் இராது என்ற அபிப்பிராயம் பரவியதும் அதை இறக்கிவிட்டது. வரி விஷயமும் பழையபடி இல்லை: 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய யூனிட்டுகளின் லாபம், எத்தனை வருஷம் வைத்திருந்தாலும், அவரவர் வருமான வரி விகிதப்படியே வரிக்கு உட்படும்.

ஒன்று சொன்னதும் வாத்தியாரே சிரித்தார். தபாலாபீசில் அவர் போட்டு வைத்திருந்த சிறுசேமிப்பும் தேசிய சிறுசேமிப்பு நிதி என்ற கணக்கின் வழியாகச் சர்க்காருக்கே கடனாகப் போய்க்கொண்டிருக்கிறது. அங்கே தினசரி விலை எழுதிக் காட்டும் தாள் இல்லை, கெடு உண்டு, வட்டி முன்கூட்டியே தெரியும். ஆகையால் மனசு அடித்துக்கொள்வதில்லை.

ஆகவே கில்ட் ஃபண்டு விண்ணப்பத்தோடு யாராவது உங்கள் திண்ணைக்கு வந்தால், அந்த ஃபண்டின் மாதாந்தரத் தாளில் டியூரேஷன் என்ற எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். அது ஏழு என்றால், சந்தை வட்டி ஒரு சதவீதம் ஏறும்போது உங்கள் நூற்றில் ஏறக்குறைய ஏழு ரூபாய் இறங்கும். அதைப் பார்த்த பிறகும் ஏழு வருஷம் தொடாமல் இருக்கக்கூடிய பணமானால் தாராளமாகப் போடுங்கள். வருகிற ஆனியில் காலேஜுக்குக் கட்ட வேண்டிய பணமானால், அது தபாலாபீசுப் புத்தகத்திலேயே இருக்கட்டும்.