மண்ணில் ஒரு ஃபிக்ஸட் டெபாஸிட்

மாட்டை விற்றுவிட்டு மூட்டை உரத்துக்கு மாறிய என் சித்தப்பா, "மகசூல் ஒண்ணும் குறையலையேடா!" என்கிறார். நியாயமான பேச்சுதான். ஆனால் பி.காம். படித்தவனுக்கு வரவு மட்டும் போதாது சார், இருப்பையும் பார்க்கணும்!

இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் என்ற இடத்தில் அதைப் பார்த்தார்கள். ஜான் லாஸ் (உரம் விற்றவரேதான்!) 1843-ல் வயலைப் பிரித்துக் கோதுமை விதைத்தார். சோதனை இன்னும் ஓடுகிறது. ஒரு பாத்திக்குத் தொழுவுரம், சிலவற்றுக்கு ரசாயனம், ஒன்றுக்குப் பட்டினி. விளைச்சலில் ரசாயனம் சளைக்கவில்லை. மண்ணில் தங்கிய கார்பன்? பட்டினிப் பாத்தியைவிட ரசாயனத்தில் கொஞ்சம்தான் கூடுதல். தொழுவுரத்தில் இரண்டு மடங்குக்கும் மேல்!

பக்கத்து பார்லி வயலில் 1852 முதல் 1871 வரை எரு போட்டு, நிறுத்திவிட்டார்கள். நூறு வருஷம் தாண்டியும் அங்கே கார்பன் கூடுதலாகவே இருந்தது. ஆனால் கரைந்துகொண்டே வருகிறது. நுண்ணுயிர்களுக்குத்தான் வித்டிராயல் ஃபாரம் தேவையில்லையே!