கருந்திரியும் சட்டமும்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசுத் தொழிலை அறிந்தோர் அனைவரும் கருந்திரியையும் அறிவர். நூலின்மேல் கருமருந்துப் பூச்சு ஏற்றி உலர்த்திய திரியே அது. பார்வைக்கு வெறும் கறுப்புக் கயிறு போலவே இருக்கும். ஆயினும் உரிமமின்றி வீட்டில் கருந்திரி தயாரித்ததாகவும், பதுக்கி வைத்ததாகவும் விருதுநகர் மாவட்டத்தில் வழக்குகள் பதிவாகும் செய்திகளை நாளிதழ்களில் அடிக்கடி காண்கிறோம். “பட்டாசுகூட இல்லை, திரிதானே! அதற்கா வழக்கு?” என்ற வியப்பு பலருக்கு எழுவதுண்டு. இதற்கு விடை காணத் திரியின் வேலையை முதலில் அறிந்துகொள்வோம்.

திரி எவ்வாறு எரிகிறது?

விறகு எரியக் காற்றிலுள்ள ஆக்சிஜன் தேவை. கருமருந்து அத்தகையதன்று. வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் ஆகியவை கலந்த அதில், எரிதலுக்கு வேண்டிய ஆக்சிஜனை வெடியுப்பே அளிக்கிறது. ஆகவே, காற்றை மறைத்து அணைக்கும் வழக்கமான முறை இதனிடம் எளிதில் செல்லாது.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். திறந்து கிடக்கும் திரியில் நெருப்பு ஒரு வினாடிக்குச் சில சென்டிமீட்டர் தூரமே நகரும். அதே திரி தாள் உறைக்குள் இருந்தாலோ, சூடான வாயு பக்கவாட்டில் வெளியேற இயலாமல் உறையினூடே முன்னோக்கிப் பாய்கிறது. நெருப்பையும் உடன் கொண்டு செல்கிறது. அப்போது வேகம் வினாடிக்குச் சில மீட்டராகிவிடும். மருந்து மாறவில்லை, அமைப்பு மாறியது, வேகம் பன்மடங்காயிற்று.

சரவெடி இதற்கு நல்ல உதாரணம். தனி வெடி ஒருமுறை ஒலித்து ஓய்ந்துவிடும். பல நூறு சிறு வெடிகளின் திரிகளை ஒரு பொதுத் திரியுடன் பின்னிவிட்டால், ஒருமுறை பற்றவைத்ததும் எல்லாம் அடுத்தடுத்து வெடித்துத் தீரும். 1999-ஆம் ஆண்டின் ஒலி விதி இதைக் கணக்கில் கொண்டது. தனி வெடியின் ஒலி 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபெல்லைத் தாண்டலாகாது. சரமாயின், வெடிகளின் எண்ணிக்கைக்குரிய மடக்கையை 5-ஆல் பெருக்கி, வரும் தொகையை இதிலிருந்து கழிக்க வேண்டும். 100 வெடிச் சரத்துக்கு எல்லை 115; 1000 வெடிச் சரத்துக்கு 110. பின்னர் 2018 அக்டோபர் 23-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் காற்று மாசு, ஒலி, குப்பை ஆகிய காரணங்களைக் காட்டிச் சரவெடியின் தயாரிப்பு, விற்பனை, உபயோகம் மூன்றையுமே தடை செய்தது.

சட்டத்தின் பார்வை

1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம், ‘வெடிபொருள்’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் வாணங்களையும் ராக்கெட்டுகளையும் போலவே திரிகளையும் பெயர் சொல்லிச் சேர்த்துள்ளது. எனவே சட்டத்தின் கண்ணில் திரி ஒரு துணைப்பொருள் அன்று, அதுவே வெடிபொருள். உரிமமின்றித் தயாரித்தால் 3 ஆண்டு வரையிலும், வைத்திருந்தால், விற்றால் அல்லது எடுத்துச் சென்றால் 2 ஆண்டு வரையிலும் சிறைத் தண்டனைக்கு அச்சட்டம் இடமளிக்கிறது.

1908-ஆம் ஆண்டின் வெடிப்பொருட்கள் சட்டம் இன்னும் கடுமையானது. ஐயத்துக்கு இடமான சூழ்நிலையில் வெடிபொருளை வைத்திருந்தால் 10 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். நோக்கம் நேர்மையானது என்று காட்டும் பொறுப்பும் வைத்திருந்தவரையே சாரும். தீபாவளிக்குச் சொந்த உபயோகத்துக்கென வாங்கிய சிறிதளவு பட்டாசுக்கு விதிகளில் விலக்கு உண்டு. தயாரித்து விற்பதற்கு அவ்விலக்குப் பொருந்தாது.

துப்பாக்கியிலும் இதே கேள்வி

வேகத்தைத் தரும் சிறு உறுப்பை எப்படி மதிப்பது என்ற கேள்வி துப்பாக்கிகளிலும் எழுந்துள்ளது. இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்ற சொல் ஆயுதத்தின் உறுப்புகளையும் உள்ளடக்கும். விசையை அழுத்தியபடி இருக்கும்வரை தொடர்ந்து குண்டு பாயும் துப்பாக்கி, தடைசெய்யப்பட்ட வகையைச் சேரும். அவ்வாறே செய்யப்பட்டதாயினும், பின்னர் அவ்வாறு மாற்றப்பட்டதாயினும் ஒன்றே. அதை வைத்திருப்போருக்கு 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 7 முதல் 14 ஆண்டு வரை சிறை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. 2017-இல் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த படுகொலையில், துப்பாக்கியின் பின்னுதைப்பைக் கொண்டே விரைந்து சுடச் செய்யும் ஒரு கருவி பயன்பட்டது. 2019-இல் அதை வைத்திருப்பது குற்றமாக்கப்பட்டது. ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் விசை தனித்தனியே இயங்குகிறது என்று கூறி, 2024 ஜூன் 14-ஆம் நாள் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்விதியை நீக்கிவிட்டது. ஒரு சொல்லின் விளக்கம் எவ்வளவு முக்கியம் என்பதை இதனால் உணரலாம். நம் வெடிபொருள் சட்டத்தில் ‘திரி’ என்ற சொல் வெளிப்படையாகவே இருப்பதால், அத்தகைய வாதத்துக்கு இங்கு இடமில்லை.

வீடு ஏன் ஆகாது?

பட்டாசு உரிமங்கள் மருந்தின் அளவைப் பொறுத்தவை. ஒரு நேரத்தில் 15 கிலோவுக்கு உட்பட்ட தயாரிப்புக்கு மாவட்ட நிர்வாகமும், அதற்கு மேற்பட்டதற்கு நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய வெடிபொருள் துறையும் உரிமம் வழங்குகின்றன. உரிமம் பெற்ற ஆலையில் கொட்டகைகளுக்கிடையே இடைவெளி உண்டு. அறையில் இருக்கக்கூடிய ஆட்களுக்கும் வரம்பு உண்டு. ஓரிடத்து நெருப்பு அடுத்த இடத்தைத் தொடாதிருக்கவே இந்த ஏற்பாடு. வீட்டிலோ அடுப்பு, மின்கம்பி, உறங்கும் குழந்தை, உலரும் திரி எல்லாம் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன.

1923-இல் தீப்பெட்டித் தொழில் தொடங்கிய காலம் முதல் இவ்வட்டாரத்தின் பல குடும்பங்களுக்குச் சோறிட்டு வருவது நெருப்புத் தொழில்தான். கூலி கிடைக்கிறது என்று நம்பிக் கருந்திரியை வீட்டில் வாங்கி வைப்போர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆதாயத்தின் பெரும்பங்கு கொடுத்தவருக்குப் போகும். சோதனை வரும்போது திரி கிடப்பது வாங்கியவர் வீட்டில். விபத்து நேர்ந்து உயிர் போனால், கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்கு 5 ஆண்டு வரை சிறையும் உண்டு. யார் கொடுத்தாலும், “உரிமம் எங்கே?” என்பதே முதற்கேள்வியாக இருக்கட்டும். உரிமம் உள்ள இடத்தில், அதற்குரிய கொட்டகையில் செய்யும் வேலையே கூலியையும் உயிரையும் ஒருங்கே காக்கும்.